சைனின் தலையில் 2 வந்தால் ஒரு பொருள், −1 வந்தால் வேறு பொருளா?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். சைன்² எக்ஸ் என்றால் சைன் எக்ஸை அதனாலேயே பெருக்குவது என்று படித்திருக்கிறீர்கள். அதே இடத்தில் −1 வந்தபோது, அதே விதியைப் பிடித்துக்கொண்டு 1/சைன் எக்ஸ் என்று கணக்கைப் போட்டிருக்கிறீர்கள். தவறு என்று அடித்துவிட்டார்கள். "துல்லியமான பாடம் என்கிறார்கள், ஒரே இடத்துக்கு இரண்டு பொருள் வைத்துக்கொண்டு மாணவனைக் குறை சொன்னால் எப்படி? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? திருத்தவே முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணிதம் பேசும் மொழியை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியாகவே இதை நான் படித்தேன். நீண்ட நாள் கல்லூரியில் கணிதம் நடத்தியவன் நான். இப்போது சில ஆண்டுகளாகக் கணித, அறிவியல் நூல்களை அச்சுக்குப் போகும் முன் வரி வரியாகச் செம்மை பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு தினமும் மல்லுக்கட்டுகிற வேலை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கண்ணில் பட்ட முரண் உண்மையான முரண்தான். கணிப்பானை ரேடியனில் வைத்துக்கொண்டு பாருங்கள். சைன் 1 என்பது ஏறத்தாழ 0.8415. அதை அதனாலேயே பெருக்கினால் 0.7081. சைன்² 1 என்று நாம் எழுதுவது இந்த எண்ணைத்தான். ஆனால் சைன் என்ற செயலையே இரண்டு முறை செய்தால், அதாவது 0.8415-க்கு மறுபடியும் சைன் கண்டால், 0.7456 வருகிறது. இப்போது 0.5 என்ற எண்ணுக்கு வாருங்கள். சைன்⁻¹ 0.5 என்ற விசையை அழுத்தினால் 0.5236, அதாவது 30 பாகை. 1-ஐ சைன் 0.5-ஆல் வகுத்தால் 2.0858. எங்கே பெருக்குகிறோம் அல்லது வகுக்கிறோம், எங்கே செயலையே மறுபடி செய்கிறோம் அல்லது பின்னோக்கித் திருப்புகிறோம் என்பது மாறினால் விடை எவ்வளவு விலகிப்போகிறது என்று தெரிகிறது அல்லவா? ஆகவே உங்கள் குழப்பத்துக்குக் கவனக்குறைவு காரணமில்லை. குறியைப் பார்த்துப் பொது விதியைப் பிடிக்க முயன்றிருக்கிறீர்கள்; அது நல்ல கணிதப் பழக்கம்.

ஆனால் வரிசை தவறி நிற்பது எது என்பதில்தான் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. பொதுவாக எல்லோரும் −1-ஐத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். என்னைக் கேட்டால் 2-ஐத்தான் ஏற்ற வேண்டும். −1 என்ற அடுக்கின் ஆழமான பொருள் 'செய்ததைத் திருப்பி, பழைய நிலைக்குக் கொண்டுவருவது'. 5-ஆல் பெருக்கியதை 1/5 திருப்புகிறது. அதனால் 5⁻¹ என்பது 1/5. ஓர் அணி (மேட்ரிக்ஸ்) செய்ததை அதன் நேர்மாறு அணி திருப்புகிறது. ஒரு சார்பு, அதாவது ஓர் எண்ணை வாங்கி இன்னோர் எண்ணைத் தரும் சைன் போன்ற செயல், செய்ததை நேர்மாறுச் சார்பு திருப்புகிறது. சைன் 30 பாகையை 0.5 ஆக்கினால், சைன்⁻¹ அந்த 0.5-ஐ மறுபடி 30 பாகையாக்குகிறது. எண்களின் உலகில் அடிப்படைச் செயல் பெருக்கல், சார்புகளின் உலகில் அடிப்படைச் செயல் ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்துவது. அவ்வளவுதான் வேறுபாடு. தமிழில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது: 1/5 மாதிரியானதைத் தலைகீழி என்கிறோம், சார்பைத் திருப்புவதை நேர்மாறு என்கிறோம். இந்த இரண்டு சொற்களையும் கலக்காமல் பிடித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

இந்த −1-ஐச் சார்பின் தலையில் ஏற்றிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1813. அவர் வாதத்தில் ஓட்டையே இல்லை. ஒரு செயலை இரண்டு முறை செய்வதை 2 என்ற அடுக்கால் குறிக்கலாம், செய்ததைப் பழைய நிலைக்குத் திருப்புவதை −1 என்ற அடுக்கால் குறிக்கலாம், ஆகவே சைன்² எக்ஸ் என்பதும் முறைப்படி சைன் எக்ஸுக்கு மறுபடி சைன் காண்பதையே குறிக்க வேண்டும் என்றார். அவர் திட்டம் முழுசாக நடந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். சைன் எக்ஸின் வர்க்கத்தை அடைப்புக்குறி போட்டு (சைன் எக்ஸ்)² என்றே எழுதியிருப்போம். கணிதமேதை காவுஸுக்கும் சைன்² என்று எழுதுவது பிடிக்கவில்லை. ஆனால் சைனின் வர்க்கம் திரிகோணமிதியில் வரிக்கு வரி வருகிறது. சைனுக்குச் சைன் காண வேண்டிய தேவை அனேகமாக வருவதே இல்லை. அடிக்கடி வருவதைச் சுருக்கி எழுதத்தான் கை போகும். அடைப்புக்குறி இல்லாத வடிவம் நிலைத்துவிட்டது, ஹெர்ஷலின் −1-உம் நிலைத்துவிட்டது. இரண்டு தனித்தனிப் பழக்கங்கள் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. யாரும் கூடிப் பேசி இப்படி ஒரு முரணை ஏற்பாடு செய்யவில்லை.

யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. பெரும்பாலும் யாரும் முடிவு செய்வதில்லை. ஒருவர் முன்வைக்கிறார், மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் அல்லது விட்டுவிடுகிறார்கள். சமக்குறியையே பாருங்கள். 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு இருக்க முடியாது என்று காரணம் சொல்லி அந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தார். எண்பது ஆண்டு கழித்து, 1637-இல், டெகார்த் தன் வடிவியல் நூலில் சமம் என்பதற்கு வேறொரு குறியைத்தான் பயன்படுத்தினார். அதே டெகார்த் தெரியாத கணியங்களுக்கு ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்துகள், தெரிந்தவற்றுக்கு முதல் எழுத்துகள் என்று வைத்த பழக்கம் மட்டும் இன்றுவரை நிற்கிறது. வட்டத்தின் சுற்றளவு விகிதத்துக்கு 'பை' என்ற எழுத்தை 1706-இல் வில்லியம் ஜோன்ஸ் எழுதினார். ஆய்லர் அதை எடுத்துப் புழங்கிய பிறகுதான் அது உலகத்துக்கே உரியதாயிற்று. பெருக்கலுக்கு ஆட்ரெட் 1631-இல் × என்ற குறியை அச்சிட்டார். அது எக்ஸ் எழுத்தோடு குழம்புகிறது என்று லைப்னிட்ஸ் புள்ளியை விரும்பினார். இரண்டும் பிழைத்துக்கொண்டன. அப்புறம் திசையன்கள் வந்தபோது, புள்ளிக்கு ஒரு பெருக்கலும் × குறிக்கு இன்னொரு பெருக்கலும் என்று தனித்தனி வேலை கொடுத்துவிட்டார்கள்.

நல்ல குறியீடு சும்மா அலங்காரம் அல்ல, அது நமக்காக யோசிக்கவும் செய்யும். வகைநுண்கணிதத்தை நியூட்டனும் லைப்னிட்ஸும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். நியூட்டன் மாறியின் தலையில் புள்ளி வைத்தார். லைப்னிட்ஸ் பின்னம் போலத் தோன்றும் வடிவத்தில் எழுதினார். 1684-இல் அச்சில் வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் சார்புகளை வகையிடும் சங்கிலி விதியை லைப்னிட்ஸ் முறையில் எழுதினால், நடுவில் இருக்கும் மாறி மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போவது போலவே இருக்கும். விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். நியூட்டனின் புள்ளியில் எந்த மாறியைப் பொறுத்து வகையிடுகிறோம் என்பதே தெரியாது. பிரிட்டனில் நெடுநாள் புள்ளியையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1812-இல் கேம்பிரிட்ஜில் சில இளைஞர்கள் ஒரு சங்கம் தொடங்கி லைப்னிட்ஸின் முறையைக் கொண்டுவரப் போராடினார்கள். சார்லஸ் பாபேஜ், ஜார்ஜ் பீக்காக், இன்னொருவர் நம்முடைய ஜான் ஹெர்ஷலேதான். குறியீட்டுக்காக இவ்வளவு பாடுபட்டவர்கள் அற்பக் காரணத்துக்காகச் செய்யவில்லை. எழுதும் முறை மாறினால் எட்டும் கணக்குகள் மாறும் என்று நேரில் கண்டவர்கள்.

ஆனால் அதே நல்ல குறியீடு ஏமாற்றவும் செய்யும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஒரு வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை மூன்றும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. ஒன்றை மாறாமல் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற இரண்டில் ஒன்றைப் பொறுத்து இன்னொன்று மாறும் வீதத்தைப் பகுதி வகைக்கெழு என்கிறோம். கனஅளவைப் பொறுத்து அழுத்தத்தின் பகுதி வகைக்கெழு, வெப்பநிலையைப் பொறுத்து கனஅளவின் பகுதி வகைக்கெழு, அழுத்தத்தைப் பொறுத்து வெப்பநிலையின் பகுதி வகைக்கெழு, இந்த மூன்றையும் பெருக்குங்கள். எழுத்தில் பார்த்தால் எல்லாம் வெட்டுப்பட்டு 1 வர வேண்டும் என்றே தோன்றும். வருவதோ −1. நல்லியல்பு வாயுவுக்குச் சரிபார்ப்பது சுலபம்: முதலாவது, அழுத்தத்தைக் கனஅளவால் வகுத்து முன்னால் ஒரு கழித்தல் குறி, இரண்டாவது, கனஅளவை வெப்பநிலையால் வகுத்தது, மூன்றாவது, வெப்பநிலையை அழுத்தத்தால் வகுத்தது. பெருக்கினால் எல்லாம் போய் அந்தக் கழித்தல் குறி மட்டும் மிஞ்சும். காரணம், ஒவ்வொரு வகைக்கெழுவிலும் மாறாமல் பிடித்து வைத்திருக்கும் மூன்றாவது கணியம் வேறு வேறு. அதைக் கீழே சிறிய எழுத்தில் எழுதாமல் விட்டுவிட்டோம். குறியில் எழுதாமல் விடுகிற சேதிதான் பெரும்பாலும் நம்மைக் கவிழ்க்கிறது. உங்களுக்கு நடந்ததும் அதுதான். சைன்⁻¹ என்பதில், எந்தச் செயலைப் பொறுத்த நேர்மாறு என்பது எழுதப்படாமல் நிற்கிறது.

இப்போது துல்லியம் பற்றிய உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். சைன் 30 பாகை பாதி என்பது உண்மை. அதை எந்த எழுத்தில் எழுதினாலும் மாறாது. சைன்⁻¹ என்று எழுதினால் எதைக் குறிக்கும் என்பது மரபு. அது மாறலாம், மாறியும் இருக்கிறது. கணிதத்தின் துல்லியம் முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டாவது வகைக்கு வேண்டியது 'நான் இதை இந்தப் பொருளில் எழுதுகிறேன்' என்ற ஓர் அறிவிப்பு. ஆனால் மரபு என்றதும் மனம்போன போக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1 பகா எண்ணா என்ற கேள்வியைப் பாருங்கள். இன்று இல்லை என்கிறோம். 1914-இல் டி. என். லேமர் வெளியிட்ட புகழ்பெற்ற பகா எண் பட்டியல் 1-இலிருந்துதான் தொடங்குகிறது. இந்த நூறு ஆண்டில் எண்கள் எதுவும் மாறவில்லை, வரையறைதான் மாறியது. 1-ஐப் பகா எண்ணாகச் சேர்த்தால், ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு விதத்தில்தான் பகா எண்களின் பெருக்கலாக எழுத முடியும் என்ற தேற்றத்தைச் சொல்லும்போதெல்லாம் '1 நீங்கலாக' என்று ஒட்டுப்போட வேண்டும். 6 என்பது 2 × 3, 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று போய்க்கொண்டே இருக்கும். ஒட்டுப்போடுகிற தொல்லையை எது குறைக்கிறதோ அந்தப் பக்கம்தான் மரபு மெல்லச் சாய்கிறது.

இதுவரை சொன்னது வரலாறும் வரையறையும். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இனி, உலகம் முழுக்க ஒரே குறியீடு வேண்டுமா என்ற இடத்தில், ஆளுக்கு ஆள் கருத்து மாறும். நான் சொல்வதை என் பக்கமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மடக்கையை எடுத்துக்கொள்வோம். அடிமானம் எதுவும் எழுதாமல் 'லாக் 100' என்று மட்டும் ஒரு தாளில் இருக்கிறது. பொறியாளர் பலர் 2 என்பார்கள், 10 அடிமானம். கணித ஆய்வாளர் 4.605 என்பார், அவருக்கு இயற்கை மடக்கைதான் மடக்கை. கணினி அறிவியலில் நிரல்நெறிகளை ஆராய்பவர் 6.644 என்பார், அவருக்கு எல்லாம் 2-இன் அடுக்கு. பெரும்பாலான நிரல் மொழிகளில் லாக் என்று எழுதினால் இயற்கை மடக்கைதான் கிடைக்கும்; எக்செலில் அதே லாக் 10 அடிமானத்தில் விடை தரும். ஐ.எஸ்.ஓ. 80000-2 என்ற சர்வதேசத் தரநிலை மூன்றுக்கும் மூன்று தனிச் சுருக்கங்கள் வைத்திருக்கிறது. அதே தரநிலை நேர்மாறு சைனுக்கு 'ஆர்க்சைன்' என்ற வடிவத்தை வைத்திருக்கிறது, இயல் எண்களில் 0-வைச் சேர்க்கிறது, வகுத்தலுக்கு ÷ குறி வேண்டாம் என்கிறது. ஆக, நீங்கள் தேடுகிற மாதிரி முடிவு சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பரிந்துரை. கணிதத் துறையில் பெரும்பாலோர் அதைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை. எண் கோட்பாட்டில் 'லாக்' எழுத்துக்குக் கீழே 2 போட்டால் மடக்கையின் மடக்கை என்று பொருள் கொள்ளும் கட்டுரைகள் உண்டு. பக்கத்து அறையில் இருக்கும் கணினிக்காரருக்கு அதே குறி 2 அடிமான மடக்கை. இருவரும் தங்கள் துறைக்குள் குழப்பமே இல்லாமல் வேலை பார்க்கிறார்கள்.

சொற்களிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் 'பாசிட்டிவ்' என்றால் 0 சேராது. பிரெஞ்சில் அதே சொல்லை 0-வையும் சேர்த்தே புழங்குகிறார்கள், 0 வேண்டாம் என்றால் 'கண்டிப்பாக' என்ற பொருளில் ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். கற்பனை எண்ணுக்குக் கணிதத்தில் 'ஐ' என்றால், மின்பொறியாளர்கள் 'ஜே' என்பார்கள். 'ஐ' அவர்களுக்கு மின்னோட்டம் ஆயிற்றே, வேறு என்ன செய்வார்கள்! இவற்றை ஒரே தடியால் நிமிர்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. துறைக்குத் துறை எது அடிக்கடி வருகிறதோ அதற்குக் குட்டிக் குறி தேவைப்படுகிறது, எழுத்துகளோ கொஞ்சம்தான்.

என் பொறுமை போவது வேறோர் இடத்தில். ஒரே நூலுக்குள், ஒரே வினாத்தாளுக்குள், சில நேரம் ஒரே கணக்குக்குள் மரபு மாறிவிடும் இடம் அது. ஒருமுறை இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய ஒரு கையெழுத்துப் பிரதி என்னிடம் வந்தது. கோள ஆயங்கள், அதாவது கோளத்தின் மேல் ஓர் இடத்தைக் கோணங்களால் குறிக்கும் முறை, பற்றிய பகுதி. வட துருவ அச்சிலிருந்து அளக்கும் கோணம் ஒன்று, அச்சைச் சுற்றி அளக்கும் கோணம் ஒன்று. இயற்பியல்காரர்கள் முதலாவதைத் தீட்டா என்றும் இரண்டாவதை ஃபை என்றும் எழுதுவார்கள். கணித நூல்கள் பலவற்றில் அப்படியே தலைகீழ். முதல் ஆசிரியர் இயற்பியல் வழக்கில் பரப்புக் கூறு (மேற்பரப்பின் மிகச் சிறு துண்டின் பரப்பு) எழுதியிருந்தார், அதில் சைன் தீட்டா வரும். அடுத்த ஆசிரியர் தன் அத்தியாயத்தில் அந்தச் சூத்திரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, எல்லைகளை மட்டும் தன் கணித வழக்கப்படி போட்டார்: தீட்டா 0-இலிருந்து 360 பாகை வரை. போட்டுப் பாருங்கள். முதல் பாதிச் சுற்றில் சைன் நேர்க்குறி, அடுத்த பாதியில் எதிர்க்குறி, தொகையீடு பூஜ்யம். கோளத்தின் மேற்பரப்பு பூஜ்யம்! சூத்திரம் சரி, எல்லைகளும் அவரவர் மரபில் சரி. சேர்த்து வைத்ததில் கோளமே காணாமல் போய்விட்டது. நல்லவேளை, விடை அபத்தமாக வந்ததால் கண்ணில் பட்டது. நம்பும்படியான ஓர் எண் வந்திருந்தால் அது அப்படியே அச்சேறி, யாரோ ஒரு மாணவர் ராத்திரி முழுக்கத் தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மாணவரை நினைத்துத்தான் இந்த வேலையை இவ்வளவு பிடிவாதமாகச் செய்கிறேன்.

அன்றிலிருந்து எந்தப் பிரதி வந்தாலும் முதலில் ஒரு தனித் தாளில் குறிகளைப் பட்டியலிடுகிறேன்: எந்த எழுத்து, என்ன பொருள், முதலில் எந்தப் பக்கம். வெப்ப இயக்கவியல் நூல் என்றால் முதல் வேலை, 'வேலை' என்பதன் குறியைப் பார்ப்பது. அமைப்பு செய்யும் வேலையை நேர்க்குறியாக எடுத்தால் அக ஆற்றல் மாற்றம் என்பது வெப்பம் கழித்தல் வேலை; அமைப்பின்மீது செய்யப்படும் வேலையை நேர்க்குறியாக எடுத்தால் வெப்பம் கூட்டல் வேலை. வேதியியல்காரர்கள் இன்று பெரும்பாலும் இரண்டாவதை எழுதுகிறார்கள், பழைய பொறியியல் நூல்களில் முதலாவது. இரண்டுமே சரியான இயற்பியல். ஒரு நூலில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

÷ குறி பற்றியும் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: 6÷2(1+2) என்பதற்கு 1 சரியா, 9 சரியா? இதற்கு ஒரு சரியான விடை இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். இடமிருந்து வலமாகப் போனால் 9. குறி போடாமல் ஒட்டி எழுதிய பெருக்கல் முதலில் நடக்கும் என்று கொண்டால் 1. இரண்டாவது வழக்கமும் கற்பனையல்ல. ஒட்டி எழுதியதை ஒரே கணியமாகப் படிப்பது இயற்பியல் கட்டுரைகளில் சர்வசாதாரணம். கணிப்பான்களே இதில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடை தருகின்றன. இந்தக் கேள்வியில் சோதிக்கப்படுவது கணித அறிவே அல்ல. எழுதியவர் ஓர் அடைப்புக்குறி போட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. இதைவிட எனக்குக் கவலை தருவது, யாரும் சண்டை போடாத இடங்கள். எக்செலில் −3^2 என்று சமக்குறிக்குப் பின்னால் கொடுத்தால் 9 வரும். கணித வழக்கில், பெரும்பாலான நிரல் மொழிகளிலும், அது −9. 2^3^2 என்பது கணித வழக்கில் மேலிருந்து கீழாக, அதாவது 2-இன் 9-ஆவது அடுக்கு, 512. எக்செல் இடமிருந்து போய் 64 என்று காட்டும். திரையில் தெரியும் எண்ணுக்குப் பக்கத்தில் எச்சரிக்கை எதுவும் வராது.

அளவீடுகளில் நிலைமை வேறு. அங்கே ஒழுங்கைக் கட்டாயமாக்குவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மில்லிக்குச் சிறிய 'எம்', மெகாவுக்குப் பெரிய 'எம்'. எழுத்தின் அளவை மாற்றினால் மில்லிவாட் மெகாவாட் ஆகிவிடும், நூறு கோடி மடங்கு. லிட்டருக்குச் சிறிய 'எல்' மட்டுமே இருந்தது. அது 1 என்ற எண்ணோடு குழம்புகிறது என்பதற்காகவே 1979-இல் எடை, அளவைகளுக்கான பொது மாநாடு பெரிய எழுத்தையும் அனுமதித்தது. ஆட்பெயரிலிருந்து வந்த அலகுகளுக்குத்தான் பெரிய எழுத்து என்ற தன் விதியையே அதற்காகத் தளர்த்திக்கொண்டது. 1,234 என்பது ஓரிடத்தில் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு, இன்னோரிடத்தில் ஒன்றும் கொஞ்சமும். தசமக் குறியாகப் புள்ளியோ காற்புள்ளியோ இருக்கலாம், இலக்கங்களைப் பிரிக்க இரண்டையுமே பயன்படுத்தாமல் இடைவெளி விடுங்கள் என்று 2003-இல் அதே மாநாடு சொன்னது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கும்போது அழிந்துபோனதற்குக் காரணம், உந்துவிசைத் தாக்கத்தை ஒரு நிரல் பவுண்டு-விசை நொடியில் கொடுத்தது, வாங்கிய பக்கம் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வேறுபாடு. எண்கள் சரியாகவே இருந்தன. எண்ணோடு போக வேண்டிய அலகு போகவில்லை.

திருத்தவே முடியாதா என்று கேட்டீர்களே. முடியும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். மின்னோட்டத்தின் திசையைப் பாருங்கள். எது நேர்மின், எது எதிர்மின் என்ற பெயர்கள் 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வைத்தவை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது அது எதிர்மின்னூட்டம் கொண்டதாக இருந்தது. ஆக உலோகக் கம்பியில் நாம் அம்புக்குறி போடும் திசைக்கு எதிராகத்தான் எலக்ட்ரான்கள் நகர்கின்றன. அதற்குள் எத்தனை சூத்திரங்கள், எத்தனை சுற்றுப் படங்கள்! மாற்றினால் பழைய நூல் எது, புது நூல் எது என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்க வேண்டிவரும். அந்தக் குழப்பம் இப்போதைய சங்கடத்தைவிடப் பெரிது. சைன்²-க்கும் அதே நிலைதான் என்று நினைக்கிறேன். ஆனால் சைன்⁻¹-க்கு மாற்று வழி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ஆர்க்சைன். அதைப் பள்ளி நூல்களிலேயே முதல் வடிவமாகக் கொடுத்துவிட்டு, கணிப்பான் விசையில் −1 என்று இருக்கும் என்பதைத் துணைக்குறிப்பாகச் சொல்லலாம் என்பது என் ஆசை.

உங்கள் மதிப்பெண் விஷயம். பாடநூல் அந்தக் குறிக்கு நேர்மாறு என்றே பொருள் சொல்லியிருந்தால், அடித்தது முறைதான்; அதை மாற்றச் சொல்லி வாதாட முடியாது. ஆனால் நீங்கள் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டீர்கள் என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அதன்பின் தப்பில்லாமல் போட்டிருந்தால், என் கையில் வந்த தாளாக இருந்தால் பாதியாவது கொடுத்திருப்பேன். எல்லாத் திருத்துநரும் அப்படிச் செய்வார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. இனிமேல் நீங்களாக எழுதும்போது சைன்⁻¹-ஐத் தொடவே தொடாதீர்கள். தலைகீழி வேண்டுமென்றால் 1/சைன் எக்ஸ் அல்லது கோசீக் எக்ஸ், நேர்மாறு வேண்டுமென்றால் ஆர்க்சைன் எக்ஸ், வர்க்கம் வேண்டுமென்றால் அடைப்புக்குறியோடு (சைன் எக்ஸ்)². எந்த ஆசிரியரும் இவற்றைத் தவறாகப் படிக்க வழியில்லை.

இன்னும் ஒன்று, அடுத்த அத்தியாயத்தில் உங்களுக்கு வரப்போவது. ஆர்க்சைன் 0.5 என்றால் 30 பாகை என்று பார்த்தோம். 150 பாகையின் சைனும் 0.5-தான். அதை விட்டு 30-ஐ எடுப்பதற்குக் காரணம், விடை −90-இலிருந்து 90 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. சைனுக்கு இந்த ஒப்புதலில் தகராறு இல்லை. கோட்டேன்ஜென்டின் நேர்மாறுக்கு இருக்கிறது. −1-க்கு அதைக் கண்டால் சில நூல்களில் 135 பாகை, சில மென்பொருள்களில் −45 பாகை. உங்கள் நூலில் வரையறைக்குப் பக்கத்திலேயே வீச்சகம் (விடை இருக்க வேண்டிய எல்லை) எது என்று ஒரு வரி இருக்கும். பயிற்சிக் கணக்குகளைத் தொடங்கும் முன் அந்த வரியைக் கண்டுபிடித்துக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.